கடைசி அலசல்

சலவைக்கூடத்தில் ஈரப்பக்கம் பெரியவளுடையது, காய்ந்த பக்கம் சின்னவளுடையது. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தடுப்பு. துவைத்த துணி அதைத் தாண்டிப் போகும், ஆள் தாண்டுவதில்லை. ஈரக்கால் காய்ந்த தரையில் பட்டால் வெள்ளை விரிப்பில் கறை ஏறிவிடும். பதினாலு வருஷமாகத் தண்ணீரில் நின்று நின்று பெரியவளுக்குக் கால் விரலிடுக்கெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. அந்தப் பக்கம் சுருக்கம் நீக்கும் சூடான உருளைக்குள் விரிப்பைக் கொடுத்து வாங்குகிற சின்னவளுக்கு முகம் எப்போதும் செக்கச்செவேல் என்றிருக்கும். அது சூட்டில் வந்த சிவப்பு என்று எல்லாருக்கும் தெரியும். பெரியவளுக்கு மட்டும் அதுகூட யாரோ கொடுத்த வரம் மாதிரித் தெரிந்தது.

இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் ஒருத்தி, தம்பியைக் கட்டியவள் ஒருத்தி. வீடு மாடியில், கூடம் கீழே. பெரியவளின் புருஷன் மெஷின்களைப் பார்த்துக்கொள்வார். கொழுந்தன் வேனில் ஆஸ்பத்திரிக்கும் லாட்ஜுகளுக்கும் வெளுத்த துணியைக் கொடுத்துவிட்டு அழுக்கை அள்ளி வருவான். மாமனார் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து வருவதையும் போவதையும் எண்ணுவார். யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். கோபமும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

பெரியவளின் கெட்டிக்காரத்தனம் கடைசி அலசலில் இருந்தது. ஆஸ்பத்திரிக் கறை சும்மா போகாது, சோடாக் காரம் போட்டு ஊறவைக்க வேண்டும். அந்தக் காரம் எத்தனை தடவை அலசினாலும் நூலுக்குள் பதுங்கிக்கொள்ளும். கடைசித் தண்ணீரில் கொஞ்சம் புளிப்பு விட்டால்தான் முறியும். புளிப்பு என்பது கேனில் வருகிற ஒரு திராவகம், அந்தப் பெயர் வீட்டில் வைத்தது. எவ்வளவு விடுவது என்பதற்கு அளவுக் குவளை ஒன்று உண்டு. பெரியவள் அதைத் தொட்டதே இல்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பாள். வழுக்கினால் காரம் இருக்கிறது. கிறீச்சென்று பிடித்தால் துணி தயார். ஒரு முறை அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது புருஷன் புளிப்பு விட மறந்து, நூற்றிருபது விரிப்பும் திரும்பி வந்தன. படுத்திருந்த நோயாளிகளுக்கெல்லாம் முதுகு சிவந்து தோல் உரிந்துவிட்டதாம். அன்றிலிருந்து கடைசி அலசலில் பெரியவள் கையைத் தவிர வேறு கை படுவதில்லை.

சைக்கிள் அந்த வீட்டுக்குள் வந்தது கொழுந்தனின் தொப்பையால். டாக்டர் சொன்னார் என்று கியர் வைத்ததாக ஒன்று வாங்கினான். எட்டு நாள் ஓட்டினான். ஒன்பதாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது என்று சுவரில் சாத்தினான். இனிமேல் அது துணி காயப்போடத்தான் என்று எல்லாரும் நினைத்திருக்க, சின்னவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். முதலில் கடைவீதி வரை, அப்புறம் ஆற்றுப்பாலம் வரை, அப்புறம் அடுத்த ஊர். ஒரு வருஷத்தில் இருநூறு கிலோமீட்டர் போய்விட்டு அன்றைக்கே திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி முட்டை உரித்துத் தின்றாள்.

பிறகு ஒரு நாள், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"மாமா, ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஓட்டம் ஒண்ணு இருக்கு. தொண்ணூறு மணி நேரத்துல முடிக்கணும். நான் போகட்டுமா?"

"பந்தயமா?" என்றார் மாமனார்.

"இல்ல மாமா. யாரையும் ஜெயிக்க வேண்டாம். நேரத்துக்குள்ள வந்தா பட்டியல்ல பேரு போடுவாங்க. அவ்வளவுதான்."

"காசு குடுப்பாங்களா?"

"நாமதான் கட்டணும்."

"நல்ல கதையா இருக்கே! நம்ம காசைக் கட்டி நம்ம இடுப்பை நாமளே ஒடிச்சுக்கிறதா?"

கொழுந்தன் சிரித்தான். சின்னவள் சிரிக்கவில்லை. "நாலு நாள் லீவு வேணும் மாமா. அதுக்கு முன்னாடி தகுதிக்கு இருநூறு, முந்நூறு, நானூறு, அறுநூறுன்னு நாலு ஓட்டம். சனி, ஞாயித்துக்கிழமைலதான் வரும்."

பெரியவள் கையில் கரண்டியோடு நின்றாள். இப்போது விழப்போகிறது திட்டு என்று காத்திருந்தாள். அவளுடைய புருஷன் வாயில் இருந்த கவளத்தை மென்று முடித்துவிட்டு, "போகட்டுமேப்பா. ஓடுற கால் ஓடட்டும்" என்றார். மாமனார், "அழுத பிள்ளைக்குத்தான் பால். போயிட்டு வா" என்று கையைக் கழுவப் போய்விட்டார். முடிந்தது, இவ்வளவுதான். பெரியவள் கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, பொறாமைதான். சின்னவள் நானூறு ஓட்டினால் அந்த ஞாயிற்றுக்கிழமை உருளை யார் கைக்கு வரும்? பெரியவள் கைக்கு. காலைத் துடைத்துக்கொண்டு தடுப்பைத் தாண்டி, பழக்கமில்லாத சூட்டில் நின்று விரிப்பைக் கொடுப்பாள். அப்படித்தான் மணிக்கட்டில் ஒரு சூடு வாங்கினாள், வளையல் போட்ட மாதிரி முக்கால் வட்டம். அதை யாரும் கேட்கவில்லை. மறுநாள் சின்னவள் கால் வலிக்கிறது என்று படியில் உட்கார்ந்தால் மட்டும் மாமனார் எண்ணிக்கையை நிறுத்திவிட்டு, "சுடுதண்ணியில காலை வை, புள்ள" என்பார். லாட்ஜ் மேனேஜர் வந்தால், "உங்க வீட்டு மருமக சைக்கிள்ல மாநிலத்தையே சுத்துதாமே!" என்பார். இந்த வீட்டில் இரண்டு மருமகள் என்பது அவருக்கு மறந்துபோயிருக்கும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அவளுடைய புருஷன் குந்த வைத்து உட்கார்ந்து, சின்னவளின் சைக்கிள் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் துடைத்துக்கொண்டிருந்தார். வாயில் பாட்டு வேறு.

"என் தொட்டிக் குழாய் மூணு மாசமா ஒழுகுது" என்றாள் பெரியவள்.

"பாக்கலாம்."

"மூணு மாசமா பாக்கலாம்னுதான் சொல்றீங்க."

"நீ சொல்லவே இல்லையே!" என்று அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ஒழுகுதுன்னு சொன்ன. சரிபண்ணிக் குடுன்னு எங்க கேட்ட?"

இந்த மனிதரோடு பேசுவதும் சுவரோடு முட்டிக்கொள்வதும் ஒன்று. அவள் உள்ளே போனாள். பின்னாலேயே சின்னவள் வந்தாள், கையில் இரண்டு கால்சட்டையோடு. சைக்கிளுக்கென்று போடுகிறவை. உட்காருகிற இடத்தில் விரல் கனத்துக்கு மெத்தை வைத்துத் தைத்திருக்கும்.

"அக்கா, எப்பவும் நானே துவைச்சுப்பேன். அறுநூறுல வேர்வையும் எண்ணெயும் ஊறிப்போயி, நாத்தம் போகவே மாட்டேங்குது. உங்க கை பட்டாத்தான் போகும்" என்று தடுப்பின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பெரியவள் துவைத்தாள். காரத்தில் ஊறவைத்தாள், கசக்கினாள், மூன்று முறை அலசினாள். தண்ணீர் தெளிந்துவிட்டது. கடைசித் தண்ணீர் பிடித்து, துணியைப் போட்டு, இரண்டு விரலை நனைத்துத் தேய்த்தாள். வழுவழுவென்று வழுக்கியது. மெத்தை முழுக்கக் காரத்தைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் கை புளிப்புக் கேனுக்குப் போயிற்று, மூடியைக்கூடத் திறந்தது. வாசலில் சங்கிலியைச் சுற்றிப் பார்க்கிற சத்தம். "நல்லா ஓடுதா?" என்று புருஷனின் குரல். அதற்குச் சின்னவளின் சிரிப்பு.

பெரியவள் மூடியைத் திருகி மூடினாள். துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு வார்த்தையைத் தயார் செய்து வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு ஓட்டம் தொடங்கியது. அன்றைக்கெல்லாம் வீட்டில் யாருக்கும் வேலை ஓடவில்லை. வழி நெடுக முத்திரை வைக்கிற இடங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. கெடு தாண்டினால் அட்டையில் முத்திரை விழாது, ஆட்டம் முடிந்தது. கொழுந்தனின் போனில் சின்னவள் ஒரு நீலப் புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தாள். மாமனார்கூட விரிப்பை எண்ணுவதை விட்டுவிட்டு, "இப்ப எத்தனாவது கிலோமீட்டர்?" என்று அதை எண்ணிக்கொண்டிருந்தார். பெரியவள் மட்டும் போன் பக்கம் போகவில்லை. போகாவிட்டால் என்ன, காது அங்கேயேதான் இருந்தது. முந்நூறு நல்லபடியாகப் போயிற்று. அப்பாடா என்றும் இருந்தது, சே என்றும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் பெரியவளின் போன் அடித்தது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அக்கா." சின்னவளின் குரல் வறண்டு கிடந்தது. "உட்கார முடியலக்கா. தோலு போயிருச்சு. எழுபது கிலோமீட்டரா நின்னுக்கிட்டே மிதிக்கிறேன்."

"இன்னொண்ணை மாத்திக்கோயேன்."

"மாத்திட்டேன். அதைப் போட்டப்புறம்தான் ஜாஸ்தியாச்சு."

"எங்க இருக்க?"

"ஐந்நூத்தி இருபதுல. நாளைக்குக் காலையில எழுநூத்தி நாப்பதுல ஒரு பள்ளிக்கூடத்துல முத்திரை. நம்ம வீட்டுலேருந்து வேன்ல ரெண்டு மணி நேரம்தான். வழியில யாரும் உதவி பண்ணக்கூடாது, முத்திரை வைக்கிற இடத்துல பண்ணலாம். என் பழைய கால்சட்டை பீரோவுல இருக்கு. அதை எடுத்துக்கிட்டு நீங்க வர முடியுமா? ஒன்பதே காலுக்குக் கெடு."

"உன் புருஷன்கிட்ட சொல்லேன்."

"சொன்னா ஓட்டினது போதும்னு வேன்ல ஏத்திருவாரு. நீங்க வாங்கக்கா."

போனை வைத்துவிட்டுப் பெரியவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். நூற்றிருபது விரிப்பும், பார்க்காத அத்தனை முதுகுகளும் கண்முன் வந்தன. ஆசைப்பட்டது நடந்தால் சந்தோஷம் வரவேண்டுமே. வரவில்லை.

பழைய கால்சட்டையைத் தேடி எடுத்தாள். மெத்தை நைந்து பாதியாகிக் கிடந்தது. வெறும் சோப்பில் துவைத்து, புளிப்பு விட்டு, விரல் கிறீச்சிடும் வரை அலசி, உருளைப் பக்கம் சூட்டில் காயப்போட்டாள். அப்புறம் புருஷன் முன்னால் போய் நின்றாள். பதினாலு வருஷத்தில் இப்படி நின்றதில்லை.

"நாளைக்குக் காலையில நான் வேன்ல போகணும். சின்னவளைப் பாக்க."

"ஊறப்போட்டது ஆறு சுமை இருக்கே. கடைசி அலசலுக்கு யாரு?"

"நீங்கதான். அளவுக் குவளை அங்க தொங்குது."

அவர் குவளையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். திட்டுக்குப் பெரியவள் முகத்தைத் தயாராக வைத்திருந்தாள்.

"சரி, போயிட்டு வா" என்றார்.

பெரியவள் அங்கேயே நின்றாள். பதினாலு வருஷமாக இந்தச் 'சரி' எங்கே இருந்தது? சின்னவள் இவர்களை மயக்கி வாங்கினாள் என்றல்லவா நினைத்திருந்தாள்! அவள் கேட்டாள், கொடுத்தார்கள். தான் கேட்கவே இல்லை. எரிச்சல் யார் மேல் திரும்புவது என்று தெரியாமல், "இதை அப்பவே சொல்லியிருந்தா என்ன?" என்று புருஷன் மேல் விழுந்தாள்.

"எதை?" என்றார் அவர் பாவம்.

விடிந்ததும் கிளம்பினார்கள். கொழுந்தனிடம், "பழைய துணி கேட்டா, அதான்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். வழியெல்லாம் அவன், "முடிச்சுருவா அண்ணி, பிடிச்சா உடும்புப்பிடி" என்று பெருமை பேசிக்கொண்டே வந்தான்.

பள்ளிக்கூடத்துக் கூடத்தில் சைக்கிள்காரர்கள் சரிந்து கிடந்தார்கள். ஒருவர் ரொட்டியைக் கடித்தபடியே தூங்கிவிட்டிருந்தார். இன்னொருவர் கழுத்து நிற்காமல் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு கஞ்சி குடித்தார். தைல வாடையும் ஈரச் சாக்ஸ் வாடையும் அடித்தன. இதற்காகவா வயிறு எரிந்தோம் என்று பெரியவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனாலும் அங்கே ஒவ்வொரு முகத்திலும் ஏதோ ஒன்று இருந்தது. அது தன் முகத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை என்பதும் தோன்றியது.

எட்டு ஐம்பதுக்குச் சின்னவள் வந்தாள். அட்டையை நீட்டி முத்திரை வாங்கினாள். அதை வாங்கிய கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கைப்பிடியை அழுத்தி அழுத்தி மரத்துப்போயிருந்தன. கொழுந்தன் வாழைப்பழத்தோடு ஓடி வந்தான். "நீங்க சங்கிலிக்கு எண்ணெய் போடுங்க" என்று அவனைச் சைக்கிளிடம் அனுப்பிவிட்டு, பெரியவளைக் கூட்டிக்கொண்டு மாணவிகளின் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

பெரியவள் பார்த்தாள். இரண்டு பக்கமும் தோல் உரிந்து, உள்சதை ஈரமாக மினுங்கியது. குழாயைத் திறந்து, தண்ணீரைக் கையில் பிடித்துப் பிடித்து மெதுவாக விட்டாள்.

"ஸ்ஸ்... எரியுதுக்கா."

"பொறுத்துக்கோ. நெறைய தண்ணி போகணும்."

சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, சுவரிடமே பேசினாள். "நேத்து முற்பகல்ல மழை பிடிச்சுது. நனைஞ்சதும் தொடையெல்லாம் வழுவழுன்னு ஆச்சு. ரெண்டு விரலால தொட்டுத் தேய்ச்சுப் பாத்தேன்."

பெரியவளின் கை நின்றது.

"மறந்துட்டீங்களாக்கா?"

'ஆமாம்' என்ற வார்த்தை தயாராகத்தான் இருந்தது. நாலு நாளாக வாயிலேயே வைத்திருந்தாள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"மறக்கல" என்றாள்.

"தெரியும். ஏழு வருஷமா உங்க கையால வர்ற துணியத்தான் தேய்க்கிறேன். நீங்க மறக்கிற ஆளா?" சின்னவள் திரும்பவில்லை. "ஆனாலும் ஆமான்னு சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

"பொறாமைடி. வேற என்ன சொல்றது? கேட்ட மாத்திரத்துல உனக்கு நாலு நாள் தூக்கிக் குடுத்தாங்க. என் புருஷன் உன் சங்கிலியத் துடைக்கிறாரு. எனக்கு யாருடி ஒரு நாள் குடுத்தா?"

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கல."

"இன்னைக்கு எப்படி வந்தீங்க?"

"நேத்து கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சரின்னாரு."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புழுதி படிந்த முகத்தில் பல் மட்டும் தெரிந்தது. சிரித்த வேகத்திலேயே கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சப்புறமும் எனக்கு ஏன்டி போன் பண்ணின?"

"காரத்தை முறிக்கத் தெரிஞ்ச ஆள் வேற யாரு இருக்கா? உங்களோட பெரிய சண்டை ஒண்ணு போடணும்க்கா. இப்ப நேரமில்ல. பதினோரு நிமிஷத்துல கிளம்பலேன்னா அடுத்த கெடு போயிரும். அந்தக் களிம்பை எடுங்க."

ஒன்பது பன்னிரண்டுக்குச் சின்னவள் கிளம்பினாள். இருக்கையில் உட்காரவே இல்லை. பெடலின் மேல் நின்றபடியே பள்ளிக்கூட வாசலைத் தாண்டி, மேடேறி, சின்னதாகி மறைந்தாள். இன்னும் நானூற்று அறுபது கிலோமீட்டர். பெரியவள் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு ஆகியும் சனியன் பிடித்த பொறாமை போகவில்லை. தோல் உரிந்தும் போகிறாளே என்று அதற்கும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்குக் கெடு. சின்னவள் வந்து சேர்ந்தது பதினொன்று முப்பத்தொன்றுக்கு. முப்பத்தொரு நிமிஷம். பட்டியலில் பேர் இல்லை.

"ஓட்டின தூரம் ஓட்டினதுதானே புள்ள? அதை யாரு அழிக்க முடியும்?" என்றார் மாமனார், மறுநாள் கூடத்தில்.

"அது சரி மாமா. ஆனா பேரு வராது."

"எதனால இந்த அரை மணி நேரம் போச்சு?"

பெரியவள் தொட்டியில் கையை விட்டபடி நின்றாள். இதோ வருகிறது. எல்லாரும் இருக்கிறார்கள், புருஷன், கொழுந்தன், மாமனார். வரட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"சைக்கிள் சீட்டு சரியில்ல மாமா" என்றாள் சின்னவள்.

பெரியவளுக்கு அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இதிலும் முந்திக்கொண்டாளே பாவி! மன்னிக்கிற இடத்தில் அவள், வாயடைத்து நிற்கிற இடத்தில் நான். "சீட்டு இல்ல மாமா, துணி" என்றாள் பெரியவள். "நான்தான் புளிப்பு விடல. தெரிஞ்சேதான் விடல."

மெஷின் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கொழுந்தன் அண்ணியைப் பார்த்துவிட்டு, வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். மாமனார் மேசைக்குப் போய் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி மறுபடி ஒன்றிலிருந்து. புருஷன் அன்றைக்கு அவளோடு பேசவில்லை. சாயங்காலம் மட்டும் திருப்புளி எடுத்து வந்து தொட்டிக் குழாயைக் கழற்றி, வாசர் மாற்றிவிட்டுப் போனார்.

சின்னவளின் விரல்கள் ஒரு மாதமாகியும் முழுக்கத் திரும்பவில்லை. உருளையில் கை பட்டால் சூடு தெரியாது, அதனால் உருளைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியவள் ஈரப்பக்கமும் காய்ந்த பக்கமும் தடுப்பைத் தாண்டித் தாண்டி இரண்டையும் பார்த்தாள். மணிக்கட்டில் முக்கால் வட்டமாக இருந்த சூடு முழு வட்டமாயிற்று. ஒரு வார்த்தை முனகவில்லை. சின்னவளும் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெரிய சண்டை இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று பெரியவள் காத்துக்கொண்டே இருந்தாள். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஐந்தாவது வாரம் ஒரு காலையில் சின்னவள் தடுப்பைத் தாண்டி ஈரப்பக்கம் வந்தாள். ஏழு வருஷத்தில் முதல் தடவை. கையில் புதுக் கால்சட்டை ஒன்று.

"இருநூறு ஒண்ணு வருது, போறேன்" என்றாள். "மாமாகிட்டக் கேட்டுட்டேன். இதைத் துவைச்சுக் குடுங்க."

பெரியவள் வாங்கிக்கொண்டு நின்றாள். இவள் அங்கிருந்து நகரமாட்டாள் என்று தெரிந்ததும் துவைக்கத் தொடங்கினாள். சோப்பில் கசக்கினாள், மூன்று முறை அலசினாள். சின்னவள் ஈரத்தில் செருப்பில்லாமல் நின்றபடி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கொட்டவில்லை.

"நீ போ. நான் காயப்போட்டுக் கொண்டு வர்றேன்."

"பரவால்ல. ஊத்துங்க. நான் நிக்கிறேன்."

பெரியவள் கேனை எடுத்தாள். விரலை நனைக்கப் போனவள், அதை விட்டுவிட்டுச் சுவரில் தொங்கிய அளவுக் குவளையை எடுத்தாள். கோடு வரைக்கும் பிடித்து, சின்னவளுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டி, தொட்டியில் விட்டாள்.

சின்னவள் குனிந்து, உணர்ச்சி மிச்சமிருந்த இரண்டு விரலைத் தண்ணீரில் நனைத்தாள். தேய்த்துப் பார்த்தாள். மறுபடி நனைத்து, மறுபடி தேய்த்துப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.